'டாக்டர் ஹூ' தொடரின் 'தி டெட்லி அசாசின்' கதையும் இரசிகர் எதிர்வினைகளும்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் (பிபிசி) 1963 முதல் ஒளிபரப்பிவரும் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைவுத் தொடரில், 1976ஆம் ஆண்டு வெளியான 'தி டெட்லி அசாசின்' என்னும் நான்கு பகுதிக் கதை அமைப்புசார் இரசிகர்களின் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பிற்காலத்தில் அதே கதை தொடரின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகவும், பிற கதைகளை அளக்கும் அளவுகோலாகவும் ஏற்கப்பட்டது. இம்மாற்றத்தை விளக்கும் இக்கட்டுரை, இரசிகர்கள் முரண்பாடு என்னும் பெயரால் முன்வைக்கும் குறைகளுக்கு அடியில் பெரும்பாலும் ஓர் இழப்புணர்வே உள்ளது என்றும், எதிர்வினைகளை முரண்பாட்டுப் பட்டியலாக மட்டும் வகைப்படுத்தும் ஆய்வு அவ்விழப்பைத் தவறவிடுகிறது என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, தொலைக்காட்சித் தொடர், இரசிகர் பண்பாடு, ஏற்புக் கோட்பாடு, வழுவமைதி.

முன்னுரை

ஒரு படைப்பு வெளியான உடனே எழும் எதிர்வினைகளைத் திரட்டி, அவற்றை ஆதரவு, எதிர்ப்பு எனப் பகுத்து, விழுக்காடு கண்டு முடிவுரைக்கும் போக்கு ஏற்பு ஆய்வுகளில் பெருகிவருகிறது. தரவு எளிதில் கிடைக்கிறது என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் எதிர்வினை என்பது நாளிட்ட சான்று. அது எந்த நாளில், யாரால், எதை நினைவிற்கொண்டு கூறப்பட்டது என்பதை அறியாமல் அதன் பொருளை அறிய இயலாது. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், வாசகர் ஒரு படைப்பை வெற்று மனத்தோடு அணுகுவதில்லை என்றும், முன்னர்ப் படித்தவற்றால் அமைந்த எதிர்பார்ப்பின் தொடுவானத்தில் வைத்தே அதைக் காண்கிறார் என்றும் கூறினார். அறுபதாண்டு கடந்தும் முடியாத ஒரு தொடரில் அத்தொடுவானத்தைத் தொடரே நாள்தோறும் வரைந்துகொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கிறது. இதனால் நெடுந்தொடர்களின் இரசிகர் எதிர்வினை தனிநூல் ஒன்றின் வாசகர் எதிர்வினையினும் சிக்கலானது.

இதனைக் காட்ட 'தி டெட்லி அசாசின்' பொருத்தமான சான்றாகும். அதற்கு எழுந்த எதிர்ப்பு எழுத்தில் பதிவாகியுள்ளது. அவ்வெதிர்ப்பு பின்னர் மறைந்த விதத்தையும் பின்தொடர முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கதை வகுத்த ஒரு விதி 2013இலும் 2020இலும் புதிய பூசல்களுக்குக் களமாயிற்று.

காலத்தலைவர்கள் குறித்த முன்மரபு

தொடரின் நாயகர் டாக்டர் என்று மட்டுமே அறியப்படுபவர். காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஓர் ஊர்தியில் திரிபவர். 1963 நவம்பர் 23 அன்று தொடர் தொடங்கியபோது அவர் யார், எங்கிருந்து வந்தவர் என்பது சொல்லப்படவில்லை. முதல் நடிகரான வில்லியம் ஹார்ட்னெல் 1966 அக்டோபரில் விலகி, பேட்ரிக் டிரௌட்டன் அவ்விடத்துக்கு வந்தபோது, டாக்டரின் உடலே புதுப்பிக்கப்பட்டதாகக் கதை அமைக்கப்பட்டது. சாவின் விளிம்பில் உடலும் முகமும் குணமும் மாறி மீண்டெழும் இந்நிகழ்வை இக்கட்டுரை மறுவுயிர்ப்பு எனக் குறிக்கிறது. இது கூடுவிட்டுக் கூடு பாய்தல் அன்று. அதே கூடு புதிதாவது. நடிகர் மாற்றம் என்னும் நிர்வாகச் சிக்கலுக்குக் கண்ட தீர்வே பின்னாளில் தொடரின் உயிர்நாடியாயிற்று.

1969இல் ஒளிபரப்பான 'தி வார் கேம்ஸ்' என்னும் பத்துப் பகுதிக் கதையில்தான் டாக்டரின் இனத்தார் 'டைம் லார்ட்ஸ்', அதாவது காலத்தலைவர்கள், என முதன்முறையாகப் பெயர் பெற்றுத் தோன்றினர். மால்கம் ஹல்க், டெரன்ஸ் டிக்ஸ் ஆகிய இருவர் எழுதிய அக்கதையில் காலத்தலைவர்கள் குறைவாகப் பேசுபவர்கள், அசையாமல் நிற்பவர்கள், குற்றவாளி ஒருவனை அவன் பிறந்திராதவாறே காலத்திலிருந்து நீக்கிவிட வல்லவர்கள். எதற்கும் அஞ்சாத டாக்டர் அவர்களைக் கண்டு அஞ்சி ஓடுகிறார். இக்காட்சியே பார்வையாளர் மனத்தில் பதிந்த முதற்படிமம்.

எனினும் அப்படிமம் 1976 வரை மாறாதிருந்தது எனக் கொள்ளலாகாது. 1971இன் 'டெரர் ஆஃப் தி ஆட்டன்ஸ்' கதையில் காலத்தலைவர் ஒருவர் இலண்டன் அலுவலரைப் போலத் தொப்பியும் கோட்டும் அணிந்து வெட்டவெளியில் மிதந்தபடி டாக்டருக்கு எச்சரிக்கை கூறிச் செல்கிறார். 1972 இறுதியில் தொடங்கிய 'தி த்ரீ டாக்டர்ஸ்' கதையில் அவர்கள் தம் ஆற்றல் வற்றிப்போகும் நெருக்கடியில் தவித்து, தாம் தண்டித்த டாக்டரிடமே உதவி வேண்டுகின்றனர். அவர்களது கோளுக்குக் காலிஃப்ரே என்னும் பெயர் 1973 டிசம்பரில் தொடங்கிய 'தி டைம் வாரியர்' கதையில்தான் கிடைத்தது. தொப்பி அணிந்த தூதரையும் கோளின் பெயரையும் படைத்தவர் ஒருவரே: இராபர்ட் ஹோம்ஸ். 'தி டெட்லி அசாசின்' கதையை எழுதியவரும் அவரே.

கதையின் அமைப்பு

'தி டெட்லி அசாசின்' 1976 அக்டோபர் 30 முதல் நவம்பர் 20 வரை நான்கு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பாயிற்று. தயாரிப்பாளர் பிலிப் ஹிஞ்ச்கிளிஃப். இயக்குநர் டேவிட் மலோனி. 'தி வார் கேம்ஸ்' கதையை இயக்கியவரும் மலோனியே என்பது கருதத்தக்கது. காலத்தலைவர்களின் மாட்சியைத் திரையில் நிறுவியவரே அதைக் கலைக்கும் கதையையும் இயக்கினார்.

காலிஃப்ரேயின் குடியரசுத் தலைவர் பதவி விலகும் நாளில் கொல்லப்படுகிறார். பழி டாக்டர்மீது விழுகிறது. தண்டனையிலிருந்து தப்ப, தாமே தலைவர் பதவிக்கு வேட்பாளராவதாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்புப் பெறுகிறார் டாக்டர். இறந்த காலத்தலைவர்களின் அறிவெல்லாம் திரட்டி வைக்கப்பட்ட 'மேட்ரிக்ஸ்' என்னும் பொறிக்குள் அவரது மனம் நுழைந்து, அங்கே ஒரு கனவுநிலத்தில் கொலையாளியோடு போராடுகிறது. சூழ்ச்சியின் பின்னணியில் இருப்பவன் மாஸ்டர் என்னும் பழம்பகைவன். அவன் தன் மறுவுயிர்ப்புகள் அனைத்தையும் செலவழித்துவிட்டு, அழுகிய உடலோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

கதையின் சிறப்பு சூழ்ச்சியில் இல்லை. காலிஃப்ரேயைக் காட்டிய விதத்தில் உள்ளது. அங்கி அணிந்தபடி வம்பளக்கும் முதியவர்கள், பதவிக்குக் காய் நகர்த்தும் அமைச்சர், விழாவை நேர்முக வருணனை செய்யும் ஒலிபரப்பாளர், உண்மையைச் சற்றே திருத்தி வெளியிட்டால்தான் மக்களின் நம்பிக்கை குலையாது என முடிவுசெய்யும் கர்தினால் போருசா எனப் பழம்பெருமை பேசும் ஒரு நிறுவனத்தின் உட்புறத்தை ஹோம்ஸ் வரைந்தார். முன்னோனான ரசிலன் விட்டுச்சென்ற பட்டையையும் கோலையும் அவர்கள் விழாப் பொருள்களாகப் போற்றுகின்றனர். அவற்றின் பயனை மறந்துவிட்டனர். தம் ஆற்றலின் மூலம் எது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, மாஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது.

மூவகைப் பார்வையாளர்

இக்கதைக்கு எழுந்த எதிர்வினை ஒருமுகமானது அன்று. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் இதனைக் கண்டனர். பொதுமக்களைப் பொறுத்தவரை இது சனிக்கிழமை மாலையின் விறுவிறுப்பான ஒரு கதை. அவர்களுக்குக் காலிஃப்ரேயின் அரசியல் வரலாறு பொருட்டன்று.

இரண்டாம் தரப்பு ஒழுக்க இயக்கத்தினர். நவம்பர் 13 அன்று ஒளிபரப்பான மூன்றாம் பகுதி, டாக்டரின் தலை நீருக்குள் அமிழ்த்தப்பட்ட நிலையில் உறைந்த காட்சியோடு முடிந்தது. குழந்தைகள் அடுத்த வாரம் வரை அப்படிமத்தோடு வாழ வேண்டும் என்பது தேசியப் பார்வையாளர், நேயர் சங்கத்தின் தலைவி மேரி ஒயிட்ஹவுசின் குற்றச்சாட்டு. பிபிசியின் தலைமை இயக்குநர் சார்லஸ் கரன் வருத்தம் தெரிவித்தார். மூல ஒளிநாடாவிலிருந்தே அக்காட்சி வெட்டப்பட்டது. 1977 ஆகஸ்டு மறுஒளிபரப்பில் அது இடம்பெறவில்லை. அவ்வாண்டே ஹிஞ்ச்கிளிஃப் தொடரிலிருந்து விலக, புதிய தயாரிப்பாளர் கிரகாம் வில்லியம்சுக்கு வன்முறையைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டது.

மூன்றாம் தரப்பே இக்கட்டுரைக்கு உரியது. 'டாக்டர் ஹூ அப்ரிசியேஷன் சொசைட்டி' என்னும் இரசிகர் சங்கம் 1976இல்தான் உருவாயிற்று. அதன் அன்றைய தலைவர் சங்கத்தின் 'டார்டிஸ்' இதழில் இக்கதையைக் கடுமையாகச் சாடி எழுதினார். முன்னர் அளப்பரும் ஆற்றலோடு அச்சமூட்டிய காலத்தலைவர்கள் இப்போது சில்லறைச் சண்டையிடும் தள்ளாத கிழவர்களாகிவிட்டனர் என்பதும், முன்கதைகள் நிறுவியவற்றை எழுத்தாளர் புறக்கணித்துவிட்டார் என்பதும் அவரது குற்றச்சாட்டுகளின் சாரம். தொடரின் மாயம் எங்கே போயிற்று என்னும் பொருள்படும் கேள்வியோடு அக்கட்டுரை முடிந்தது.

ஒரே கதைக்கு எழுந்த இவ்விரு கண்டனங்களும் ஒன்றையொன்று தொடவேயில்லை. நீரில் அமிழும் தலையைப் பற்றி இரசிகர் சங்கம் கவலைகொள்ளவில்லை; காலத்தலைவர்களின் மாட்சியைப் பற்றி ஒயிட்ஹவுஸ் கவலைகொள்ளவில்லை. பயன் விளைவித்தது ஒயிட்ஹவுசின் கண்டனமே. அது நாடாவை வெட்டியது. தயாரிப்புக் கொள்கையை மாற்றியது. இரசிகரின் கண்டனம் தயாரிப்பில் எதையும் மாற்றவில்லை. ஜான் டல்லோக் என்னும் ஆய்வாளர் அறிவியல் புனைவு இரசிகர்களை 'அதிகாரமற்ற மேட்டிமையினர்' எனக் குறித்தது இந்நிலையைத்தான். தொடரை ஆக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பரந்த பொதுமக்களைத் தம் வழிக்குக் கொண்டுவரும் ஆற்றலும் இல்லை. எது சரியான வாசிப்பு என்று உரைக்கும் உரிமை ஒன்றே அவர்களிடம் உண்டு.

நினைவு என்னும் மூலபாடம்

1976இன் இரசிகர் எதைக் கொண்டு ஒப்பிட்டார் என்பது அடுத்த கேள்வி. இல்லங்களில் ஒளிநாடாப் பதிவுக் கருவி பரவாத காலம் அது. 'தி வார் கேம்ஸ்' 1969இல் ஒருமுறை ஒளிபரப்பானது. அது விற்பனைக்குரிய ஒளிநாடாவாக வந்தது 1990இல். எனவே 1976இல் காலத்தலைவர்களின் மாட்சிக்கு மூலபாடம் ஏழாண்டுப் பழைய நினைவே. அதிலும் அந்நினைவு பெரும்பாலும் சிறார் பருவத்து நினைவு.

நினைவு மூலபாடமாகும்போது அது தேர்ந்தெடுத்துக் காக்கிறது. 'தி வார் கேம்ஸ்' காட்டிய அச்சம் நிலைத்தது. 1971இன் தொப்பி அணிந்த தூதர் நிலைக்கவில்லை. டாக்டரிடம் உதவி வேண்டிய காலத்தலைவர்களும் நிலைக்கவில்லை. மேலும், அதுவரை வந்த கதைகளில் தோன்றிய காலத்தலைவர்களுள் பித்தேறியோரும் கொடுங்கோலரும் ஓடிப்போனோருமே மிகுதி. அத்தகையோரை அடுத்தடுத்து ஈன்ற சமுதாயம் அப்பழுக்கற்றது என்பது எங்ஙனம் பொருந்தும்? ஹோம்சும் பின்னாளில் இவ்வகையிலேயே தம் கதையை நியாயப்படுத்தினார். சான்று நோக்கில் வழக்கு ஹோம்சின் பக்கமே வலுவாக உள்ளது.

ஆயினும் இரசிகரின் கண்டனத்தை மறதியின் விளைவு எனத் தள்ளிவிடுவது எளிய வழி. அது தவறான வழியும்கூட. 1969இல் திரையில் தோன்றிய அச்சம் உண்மையானது. அறியப்படாத ஒன்றின்முன் நிற்கும் அவ்வுணர்வை 'தி டெட்லி அசாசின்' முற்றாக அழித்தது என்பதும் உண்மையே. காலிஃப்ரே அதன்பின் ஒருபோதும் பழைய மறைபொருளாக மீளவில்லை. இரசிகர் இழந்தது ஒரு வியப்பை. ஆனால் வியப்புக் குலைந்தது என்பது ஒருவரது உணர்வு. வாதத்தில் அதற்கு எடையில்லை. முன்கதைக்கு முரண் என்பது பொதுவில் நிறுவத்தக்க குற்றச்சாட்டு. வாசிப்புரிமை ஒன்றையே உடைமையாகக் கொண்ட குழுவினர் தம் இழப்பை அவ்வுரிமையின் மொழியில்தான் பேச முடியும். கட்டுரையின் இறுதிக் கேள்வி மாயத்தைப் பற்றியது, முரணைப் பற்றியது அன்று என்பது இங்கு நினையத்தக்கது.

வழுவிலிருந்து விதிக்கு

தமிழ் இலக்கணத்தில் வழு என்றும் வழுவமைதி என்றும் இரு கருத்துகள் உண்டு. மரபிலிருந்து பிறழ்ந்தது வழு. அப்பிறழ்ச்சியைக் காரணம் காட்டி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. நெடுந்தொடர் இரசிகர்களின் அன்றாடப் பணியை விளக்க இதனினும் பொருத்தமான கலைச்சொற்கள் கிடைப்பது அரிது. ஒரு சான்று காட்டலாம். 'தி வார் கேம்ஸ்' கதையில் டாக்டரை விசாரித்த காலத்தலைவர்களுள் ஒருவராக நடித்த பெர்னார்டு ஹார்ஸ்ஃபால், 'தி டெட்லி அசாசின்' கதையில் அமைச்சர் கோத் ஆக நடித்தார். இயக்குநர் தமக்குப் பழகிய நடிகரை மீண்டும் அழைத்தார் என்பதற்கு மேல் இதில் எதுவும் தேவையில்லை. இரசிகர்களோ இருவரும் ஒருவரே எனக் கருதத் தலைப்பட்டனர். அவ்வாறு கொண்டால் மாட்சிமிக்க நடுவர் ஏழாண்டில் கொலைகாரனாகிவிட்டார்; இரு கதைகளும் முரணின்றி ஒரே வரலாறாகின்றன. 1976இல் இவ்விரு கதைகளுக்கு இடையே பிளவு கண்ட அதே சமூகம் பின்னர் அவற்றைத் தைக்கும் நூலையும் தானே திரித்துக்கொண்டது.

இதனினும் வியப்பானது ஓர் எண்ணின் வரலாறு. காலத்தலைவர் ஒருவர் பன்னிரண்டு முறை மட்டுமே மறுவுயிர்ப்புப் பெறலாம், அதாவது மொத்தம் பதின்மூன்று பிறவிகள், என்னும் வரையறை 'தி டெட்லி அசாசின்' கதையில்தான் முதன்முதலாகக் கூறப்பட்டது. மாஸ்டர் ஏன் அழுகிய உடலோடு இருக்கிறான் என்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஹோம்ஸ் ஒரு வரியில் அதைத் தந்தார். அப்போது டாக்டர் நான்காம் உருவில் இருந்தார். பதின்மூன்றாம் உரு என்பது எவரும் கவலைப்பட வேண்டாத தொலைவு.

அவ்வொரு வரி விதியாக இறுகியது. 1981இல் மாஸ்டருக்கு வேறு நடிகர் தேவைப்பட்டபோது அவன் இன்னொருவரது உடலைக் கவர்ந்துகொள்ள நேர்ந்தது. அதுவே மெய்யான கூடுவிட்டுக் கூடு பாய்தல். 1983இன் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' கதையில் அவனுக்குப் புதிய மறுவுயிர்ப்புச் சுற்று ஒன்று கைம்மாறாக முன்வைக்கப்படுகிறது. 1986இல் 'தி டிரையல் ஆஃப் எ டைம் லார்ட்' கதையின் பகைவன், டாக்டரின் பன்னிரண்டாம் உருவுக்கும் இறுதி உருவுக்கும் இடைப்பட்ட தீமையின் பிழிவு என அறிமுகமாகிறான். பன்னிரண்டு என்னும் வரையறை இல்லையேல் அவ்வறிமுகத்துக்கே பொருளில்லை. 2010இல் ஒரு கிளைத்தொடரில் டாக்டர் எத்தனை முறை மாறலாம் என்னும் கேள்விக்கு 507 என விடையிறுத்தார். அதைப் பல இரசிகர்கள் வேடிக்கையாகவே கொண்டனர், விதி அசையவில்லை. இறுதியில் 2013 கிறித்துமசு நாளில் ஒளிபரப்பான 'தி டைம் ஆஃப் தி டாக்டர்' அத்தியாயம், இடையில் கணக்கில் வராத உருவங்களையும் சேர்த்து எண்ணி, டாக்டர் தம் எல்லையை எட்டிவிட்டதாகக் காட்டி, காலத்தலைவர்கள் அவருக்குப் புதிய சுற்று அளித்ததாக முடித்தது. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு வில்லனின் நிலையை விளக்க எழுதிய வரிக்காக ஓர் அத்தியாயமே எழுதப்பட்டது.

தொடரின் எப்பகுதி ஏற்புடையது, எது அன்று என பிபிசி ஒருபோதும் முறையாக வரையறுத்ததில்லை. விதியை விதியாக்கியது வாசிப்புச் சமூகமே. 1976இல் மரபழிப்பு எனக் கண்டிக்கப்பட்ட கதையின் உறுப்புகள், அதாவது மேட்ரிக்ஸ், ரசிலன், உயர்கழுத்து அங்கிகள், பன்னிரண்டு என்னும் எண் ஆகியன, ஒரு தலைமுறைக்குள் மரபாகிவிட்டன. நிலைமாற்றத்துக்கு ஒளிநாடாவும் நூலாக்கமும் துணைநின்றன. டெரன்ஸ் டிக்ஸ் எழுதிய புதின வடிவம் 1977 அக்டோபரிலேயே வெளிவந்தது. 1969ஐக் காணாத இளைஞர்க்கு ஒப்பிட வேறெதுவும் இல்லை. அவர்களுக்குக் காலிஃப்ரே என்றால் ஹோம்சின் காலிஃப்ரேயே. 2009இல் 'டாக்டர் ஹூ மேகசின்' வாசகர்கள் இருநூறு கதைகளுள் முதலிடம் அளித்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி' கதையும் ஹோம்ஸ் எழுதியதே.

1976இன் இரு விதைகள், 2020இன் பூசல்

2020 மார்ச் 1 அன்று ஒளிபரப்பான 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' அத்தியாயத்தைக் கிறிஸ் சிப்னல் எழுதினார். டாக்டர் காலிஃப்ரேயில் பிறந்தவர் அல்லர் என்றும், வேறோர் உலகின் எல்லையில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றும், அக்குழந்தையின் மறுவுயிர்ப்பு ஆற்றலை ஆராய்ந்தே காலத்தலைவர்கள் அதைத் தமதாக்கினர் என்றும், ஹார்ட்னெல்லின் உருவுக்கு முன்னர் நினைவழிக்கப்பட்ட பல பிறவிகள் இருந்தன என்றும் அது அறிவித்தது. பன்னிரண்டு என்னும் வரையறையும் இயற்கையன்று. காலத்தலைவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது.

கடும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவப்பட்ட வரலாறு சிதைக்கப்பட்டது என்பதே பரவலாக ஒலித்த வாதம். ஆனால் அவ்வரலாற்றின் பெரும்பகுதியை நிறுவியது 1976 நவம்பர். அந்நவம்பரோ முந்தைய வரலாற்றைச் சிதைத்ததாகப் பழிக்கப்பட்டது. ஆதரவாளர் காட்டிய சான்றும் அதே ஆண்டினது என்பது வரலாற்றின் விளையாட்டு. 1976 ஜனவரியில் ஒளிபரப்பான 'தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' கதையில், மனவலிமைப் போட்டி ஒன்றில் டாக்டரின் முந்தைய முகங்கள் திரையில் பின்னோக்கித் தோன்றுகின்றன. ஹார்ட்னெல்லுக்குப் பின்னும் எட்டு முகங்கள் தொடர்கின்றன. அவை தயாரிப்புக் குழுவினரின் வேடமிட்ட முகங்கள். ஹிஞ்ச்கிளிஃப், ஹோம்ஸ் ஆகியோரின் முகங்களும் அவற்றுள் அடக்கம். அவை டாக்டரின் முற்பிறவிகளாகவே கருதப்பட்டவை என ஹிஞ்ச்கிளிஃப் உறுதிப்படுத்தியுள்ளார். பல்லாண்டுகளாக இரசிகருட் பலர் அவை பகைவனின் முகங்களே என வழுவமைதி கூறிவந்தனர். சிப்னல் அம்முகங்களைத் தம் அத்தியாயத்தில் மீண்டும் காட்டினார்.

'மார்பியஸ்' கதையின் எழுத்தைத் திருத்தி இறுதி வடிவம் தந்தவரும் ஹோம்சே. ஜனவரியில் எண்ணற்ற முற்பிறவிகளுக்கு வழிதிறந்து, நவம்பரில் பிறவிகளுக்கு எண் வரையறை இட்டவர் ஒருவர்தாம். அவருக்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றியதற்குச் சான்றில்லை. வாரந்தோறும் ஒரு கதையை முடித்துக்கொடுக்க வேண்டிய எழுத்தாளரின் மேசையில் முரண் என்பது பெரிய பொருளன்று.

எனவே முரண்பாடு என்னும் அடிப்படையில் 2020இன் வழக்கு இருதரப்புக்கும் தீராதது. இருதரப்பும் ஒரே ஆண்டின் ஏடுகளையே நீட்டுகின்றன. எதிர்ப்பாளரின் வலுவான வாதம் வேறிடத்தில் உள்ளது. தன் இனத்தாரின் செயலற்ற வாழ்வில் வெறுப்புற்று, ஊர்தியொன்றைத் திருடிக்கொண்டு ஓடிய ஒரு சாதாரண காலத்தலைவர் என்பதே டாக்டரின் கவர்ச்சி. அவர் பிறப்பால் உயர்ந்தவர் அல்லர், தெரிவால் உயர்ந்தவர். 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' அவரைப் பிறப்பாலேயே தனித்தவராக்கிவிட்டது. இது முரண்பாட்டுக் குறை அன்று, விழுமியக் குறை. 1976இன் இரசிகர் வியப்பை இழந்தார். 2020இன் இரசிகர் எளிமையை இழந்தார். இருவரும் முன்கதைகளை மேற்கோள் காட்டியே தம் இழப்பைப் பேசினர். இவ்வெதிர்வினைகளைத் தொகுக்கும் ஆய்வாளர் 'தொடர்ச்சிப் பிழை' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடைத்துவிட்டால், அவர் கையில் எஞ்சுவது மேற்கோள்களின் எண்ணிக்கை மட்டுமே.

இரசிகர் ஆக்குநர் ஆதல்

டல்லோக் கூறிய அதிகாரமின்மை 2005க்குப் பின் அப்படியே பொருந்தாது. புதுப்பிக்கப்பட்ட தொடரின் தலைமை எழுத்தாளர்களான இரசல் டி டேவிஸ், ஸ்டீவன் மொஃபாட், சிப்னல் ஆகிய மூவரும் இளமையில் தொடரின் இரசிகர்களே. இவர்களுள் சிப்னலின் நிலை தனித்துக் கருதத்தக்கது. 1986இல், பதினாறு வயதில், இரசிகர் சங்கத்தின் சார்பில் பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் தோன்றி, அப்போது முடிவுற்ற 'தி டிரையல் ஆஃப் எ டைம் லார்ட்' கதையில் புதுமை இல்லை என எழுத்தாளர்களிடமே நேரில் குறைகூறியவர் அவர். அந்நெடுங்கதையின் தொடக்கப் பகுதிகளையும் இறுதிக்கு முந்தைய பகுதியையும் எழுதியவர் ஹோம்ஸ். இறுதிப் பகுதியை எழுதும்முன் அவ்வாண்டு மே மாதத்தில் அவர் மறைந்தார்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, சிப்னல் எழுதிய அத்தியாயத்தைப் பற்றி வேறு தலைமுறை இரசிகர்கள் குறைகூறினர். வாசிப்புரிமையும் ஆக்கும் அதிகாரமும் ஒருவரிடத்தில் சேர்ந்தபோது விளைந்தது இரசிகரின் தனித்தொழிலான வழுவமைதியே, ஆனால் பெருந்தொகைச் செலவில், அதிகாரமுத்திரையோடு. மார்பியசின் எட்டு முகங்களுக்கு விளக்கம் காணும் வேட்கை பொதுமக்களுக்கு இருந்ததில்லை; அது இரசிகரின் வேட்கை. மற்ற இரசிகர்கள் அதனைக் கண்டு வெகுண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவரவர் மனத்தில் அவரவர்க்கென இருந்த விளக்கங்களுள் ஒன்று மட்டும் திரையேறி, ஏனையவற்றைப் பொய்யாக்கிவிட்டது.

2023இல் டேவிஸ் மீண்டும் பொறுப்பேற்றபோது, 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' கூறியவற்றை அவர் நீக்கிவிடுவார் எனச் சிலர் எதிர்பார்த்தனர். நீக்கவில்லை. அவ்வாண்டுக் கிறித்துமசு அத்தியாயமான 'தி சர்ச் ஆன் ரூபி ரோடு' கதையில், பெற்றோரை அறியாத இளம்பெண் ஒருத்தியிடம் தாமும் தத்தெடுக்கப்பட்டவரே எனப் புதிய டாக்டர் சொல்கிறார். எவ்விளக்கமும் இணைக்கப்படாத எளிய உரையாடல் அது. தொடரை அவ்வாண்டு முதன்முறையாகக் காணத் தொடங்கிய சிறாருக்கு டாக்டரைப் பற்றித் தெரியவந்த முதற்செய்திகளுள் அதுவும் ஒன்று.